விலையிடும் உரிமை: துப்பாக்கி, சிமெண்டு, கிரைண்டர் ஆகியவற்றின் விலை வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

கோவையினின்று பாலக்காடு நோக்கிச் செல்லும் பெருவழியில் அமைந்த மதுக்கரை, சுண்ணாம்புக்கல் வளத்தாற் பெயர் பெற்ற ஊராகும். அவ்வூரின் ஒருபால் அக்கல்லை நம்பி 1934இல் எழுந்த சிமெண்டு ஆலையைக் காணலாம். மற்றொருபால் படைத்துறை முகாமும் அதன் துப்பாக்கிப் பயிற்சிக் களமும் உள்ளன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வீடுகளில், கொங்கு நாட்டின் பிற ஊர்களிற் போலவே, மாவரைக்கும் கிரைண்டரின் ஓசை வைகறையிற் கேட்கின்றது. சிமெண்டு, துப்பாக்கி, கிரைண்டர் ஆகிய இம்மூன்றும் விலையுடைய பொருள்களே. ஆயினும், இவற்றின் விலையை இட்டோர் ஒருவரல்லர். இட்ட முறையும் ஒன்றன்று.

படைக்கலத்தையும் அடுக்களைப் பொருளையும் ஒருங்கு வைத்து ஆராய்தல் பொருந்துமோ என ஐயுறுவார் உளராகலாம். அவர்க்கு ஒரு செய்தியை முதற்கண் நினைவூட்டுகின்றோம். 2017ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 10ஆம் நாள் குவாஹாத்தியிற் கூடிய சரக்கு சேவை வரி மன்றம், நூற்றுக்கு 28 ஆக இருந்த வரியை 12 ஆகக் குறைக்குமாறு சில பொருள்களைப் பரிந்துரைத்தது. அவ்வரிசையில் இரண்டே இனங்கள் இருந்தன. ஒன்று, கல்லால் அரைக்கும் கிரைண்டர். மற்றொன்று, போர்த்துறையின் கவச ஊர்தி. கோவையின் சிறு பட்டறையில் ஆன பொருளும், நாட்டின் படைக்கல ஆலையில் ஆன பொருளும் அரசின் ஏட்டில் அடுத்தடுத்து இடம்பெற்றன. இது தற்செயலே எனினும், விலை வரலாற்றை ஆராய்வார்க்கு நல்லதொரு வாயிலாக அமைகின்றது.

ஒரு பொருளின் விலையை அதற்கான செலவும் ஊதியமும் கூடிய தொகை என்று கூறுதல் உலக வழக்கு. அக்கூற்று முழுதும் பொய்யன்று; ஆனால் முழுதும் மெய்யுமன்று. விலையிடும் உரிமை எக்காலத்து எவரிடம் இருந்தது என்பதை அறிந்தாலன்றி, விலையின் வரலாறு விளங்காது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். அதனை நிறுவுதற்கு, முதலில் தமிழ்ச்சொற்கள் தரும் சான்றையும், பின்னர் மேலை நாட்டுத் துப்பாக்கித் தொழிலின் வரலாற்றையும், அதன்பின் மதுக்கரை, கோவை ஆகிய இடங்களின் வரலாற்றையும் முறையே காண்போம்.

சொல் தரும் சான்று

'விலை' என்னும் சொல் 'வில்' என்னும் வினையடியாகப் பிறந்தது. விற்றலால் அமைவது விலை என்க. சங்க இலக்கியத்தில் விலையையும் விற்பனையையும் குறிக்க 'நொடை' என்னும் சொல்லும் வழங்கிற்று. இவற்றினும் நம் ஆய்வுக்குப் பெரிதும் துணைபுரிவது 'பகர்தல்' என்னும் சொல்லாகும். இது சொல்லுதல் என்றும் பொருள்படும். விற்றல் என்றும் பொருள்படும். விற்போரைப் 'பகர்நர்' என்றே பண்டையோர் வழங்கினர். வாயாற் சொல்லுதலும் விற்றலும் ஒரு சொல்லில் அடங்கியதன் காரணம் யாது? பண்டை வாணிகத்தில் விலை என்பது நேர்நின்று வாயாற் கூறப்பட்டது. கேட்போர் மறுத்துக் கூறவும் இடமிருந்தது. அகநானூற்றில் உப்பு விற்கும் பெண் ஒருத்தி, நெல்லுக்கும் உப்புக்கும் அளவு ஒன்றே எனச் சேரியிற் கூவிச் செல்லும் காட்சியைக் காண்கின்றோம். அங்கு விலையிடுபவள் பொருளைத் தலையிற் சுமந்து வருபவளே. அவள் முகம் அறியாத பிறர் எவரும் அவ்விலையை வரையறுத்தாரல்லர்.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடிய பட்டினப்பாலை, கொள்வதிலும் கொடுப்பதிலும் அவர்தம் நடுவுநிலையைச் சிறப்பிக்கின்றது. பிறர் பொருளையும் தம் பொருளாகப் பேணி வாணிகம் செய்தலைத் திருக்குறள் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்துக் கூறுகின்றது. வாணிக அறத்தை நடுவுநிலைமையுள் அடக்கியது கருதத்தக்கது. விலை இருவருக்கு இடையே நிற்பது. ஒருபுறம் சாய்தலாகாது என்பதே அவர்தம் கொள்கை. இக்கொள்கை, விற்போரும் வாங்குவோரும் நேர்நிற்கும் வாணிகத்திற்கு இயல்பாகப் பொருந்தும். ஆக்குவோர் ஓரிடத்தும், விற்போர் ஓரிடத்தும், வாங்குவோர் பிறிதோரிடத்தும் நிற்கும் இயந்திரக் காலத்து வாணிகத்தில் அந்நடுவுநிலை என்னாயிற்று என்பதே இனி ஆராய்தற்குரியது.

துப்பாக்கிக் கொல்லரும் இல்லப் பொருளும்

'துப்பாக்கி' என்பது துருக்கிய மூலத்தினின்று உருது வழியாகத் தமிழுக்கு வந்த சொல். சொல்லைப் போலவே பொருளும் அயலது. அதனை ஆக்கும் முறையிலேதான், பின்னாளில் இல்லந்தோறும் புகுந்த பொறிகளின் விலை வரலாறு தொடங்குகின்றது.

1798ஆம் ஆண்டில் ஈலை விட்னி என்பார், 10,000 துப்பாக்கிகளை 1,34,000 டாலருக்கு ஆக்கித் தருவதாக அமெரிக்க அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஒன்றின் விலை 13 டாலர் 40 சென்ட்டு ஆகும். இரண்டாண்டு எனக் குறித்த காலம் 1809 வரை நீண்டது. அரசின் படைக்கலச் சாலையிலேயே துப்பாக்கி இதனினும் குறைந்த விலைக்கு ஆகின்றதே என்று அவரை வினவினர். அதற்கு அவர் தந்த விடை விலை வரலாற்றில் நினைக்கத்தக்கது. அரசுச் சாலையின் கணக்கில் பொறிகளின் தேய்மானம், காப்பீடு முதலிய நிலைச்செலவுகள் சேர்க்கப்படவில்லை. தம் கணக்கில் அவை சேர்ந்துள்ளன என்பதே அவ்விடை. அரசு இடும் விலையும் தனியார் இடும் விலையும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுவதில்லை என்பதை அன்றே அவர் உணர்ந்திருந்தார். இவ்வழக்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் தீரவில்லை என்பதைக் கோவை வரலாற்றிற் காண்போம்.

ஒன்றன் உறுப்பை மற்றொன்றில் மாற்றிப் பொருத்தத்தக்க வகையில் ஒரே அளவாக உறுப்புகளைக் கடையும் முறை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கப் படைக்கலச் சாலைகளில் வளர்ந்தது. குழலின் உட்புறத்தே சுரிவெட்டு உடைய ரைபிள் துப்பாக்கிக்கு வேண்டிய நுண்கருவிகள், வேறு பொருள்களை ஆக்கவும் உதவின. எனவே துப்பாக்கி செய்தோரே இல்லப் பொருள்களையும் செய்யத் தொடங்கினர். 1816இல் துப்பாக்கித் தொழிலில் தோன்றிய ரெமிங்டன் நிறுவனம், 1870களில் தையற்பொறியும் தட்டச்சுப்பொறியும் ஆக்கிற்று. சுவீடன் நாட்டில் 1689இல் துப்பாக்கிச் சாலையாகத் தோன்றிய ஹுஸ்க்வர்னா, 1872இல் தையற்பொறித் தொழிலில் இறங்கிற்று. பர்மிங்காம் நகரில் 1861இல் துப்பாக்கிக் கொல்லர் கூடி அமைத்த பி.எஸ்.ஏ. நிறுவனம் மிதிவண்டிக்கு மாறிற்று. துப்பாக்கி போலச் செய்யப்பட்டது என்பதைத் தன் விளம்பரத் தொடராகக் கொண்ட என்பீல்டு, 1955இல் சென்னையில் மோட்டார் மிதிவண்டித் தொழிலைத் தொடங்கிற்று. தமிழர் ஊர்ந்து செல்லும் வண்டிகளின் பெயரிலும் துப்பாக்கித் தொழிலின் சுவடு உண்டு என்பது இதனாற் பெறப்படும்.

ஆக்கும் முறை ஒன்றாக இருப்பினும், துப்பாக்கிக்கும் இல்லப் பொருளுக்கும் விலையிடும் முறையில் வேறுபாடு தோன்றிற்று. படைத் துப்பாக்கியைப் பெருந்தொகையில் வாங்குபவர் அரசர் அல்லது அரசு; ஆகவே அதன் விலை ஒப்பந்தத்தால் அமைந்தது. தையற்பொறியை வாங்குபவரோ எண்ணற்ற குடும்பத்தார். அவரிடம் ஒருங்கே கொடுக்கும் பணம் இல்லை. 1856இல் சிங்கர் நிறுவனம் தவணைமுறையைப் புகுத்திற்று. முதலிற் சிறுதொகை தந்து பொறியைக் கொண்டு சென்று, எஞ்சியதைத் திங்கள்தோறும் செலுத்தலாம். இதனால் 'இப்பொறியின் விலை யாது' என்னும் வினா, 'திங்களுக்கு எவ்வளவு' என்னும் வினாவாக மாறிற்று. விலை குறையவில்லை, விலையைக் காணும் கண் மாறிற்று. இம்முறை பட்டேல் என்னும் பார்சி முகவர் வழியாக இந்தியாவிலும் பரவித் தையற்காரர்தம் கடைகளிற் புகுந்தது.

அதே 1856ஆம் ஆண்டில் பிறிதொன்றும் நிகழ்ந்தது. தையற்பொறிக் காப்புரிமைகளை வைத்திருந்த அமெரிக்க நிறுவனங்கள் வழக்காடுதலை விடுத்து ஒன்றுகூடின. பிறர் எவர் பொறி செய்யினும், ஒவ்வொன்றிற்கும் அக்கூட்டிற்கு உரிமைத்தொகை செலுத்துதல் வேண்டும் என்றாயிற்று. 1877இல் காப்புரிமைக் காலம் முடிந்தது. பொறியின் விலை ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்தது. இரும்பின் விலையோ கூலியோ ஓராண்டில் பாதியாகக் குறைந்திருத்தல் இயலாது. குறைந்தது விலையிடும் உரிமையின் இறுக்கமே. எம் கருத்திற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி, ஆக்குவோரையும் வாங்குவோரையும் இணைக்கும் விற்பனையாளர் நிலை யாது? 1890களில் சியர்ஸ் ரோபக் நிறுவனம் தன் விலைப்பட்டியலில் ரைபிளையும் தையற்பொறியையும் அடுப்பையும் ஒருங்கே அச்சிட்டு, அஞ்சல் வழியாக விற்றது. நாட்டுப்புறக் கடைக்காரர் இதனால் இடர்ப்பட்டனர். பின்னர்ப் பெயர் பெற்ற நிறுவனங்கள் தம் பொருளைக் குறித்த விலைக்குக் குறைத்து விற்றலாகாது என்று கடைக்காரரைக் கட்டுப்படுத்தின. இக்கட்டுப்பாட்டிற்கு 1937ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அமெரிக்காவில் இடந்தந்தது. குறைத்து விற்கும் கடைகள் பெருகவே, 1958இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் தன் சிறு இல்லப் பொருள்களில் இம்முறையைக் கைவிட்டது. 1975இல் அச்சட்டத்தின் துணையும் நீங்கிற்று. இந்தியாவில் 1969ஆம் ஆண்டின் முற்றுரிமைத் தடைச் சட்டம், மறுவிற்பனைக்குக் குறைந்தபட்ச விலை விதித்தலைச் செல்லாததாக்கிற்று.

மதுக்கரையும் கூட்டுவிலையும்

மேலை நாட்டில் தையற்பொறித் தொழிலார் கூடி விலையிட்டது போன்ற நிகழ்ச்சி கொங்கு நாட்டிற்கும் அயலன்று. மதுக்கரையின் சிமெண்டே அதற்குச் சான்று. சிமெண்டு இல்லப் பொறியன்று. இல்லத்தையே எழுப்பும் பொருள். ஆதலின் அதன் விலை வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காணுதல் பொருத்தமுடையது.

இந்தியாவிற் சிமெண்டுத் தொழில் 1914இல் போர்பந்தரில் நிலைபெற்றது. முதல் உலகப் போருக்குப் பின் ஆலைகள் பெருகின. ஒன்றோடொன்று போட்டியிட்டு, ஆக்கச் செலவிற்கும் குறைவாக விற்று நலிந்தன. அந்நலிவிற் பிறந்ததே கூட்டுணர்ச்சி. விலையை ஒழுங்குசெய்ய ஆலையார் சங்கம் அமைத்தனர். 1930இல் தோன்றிய சிமெண்டு விற்பனை நிறுவனம், ஒவ்வோர் ஆலையும் விற்கத்தக்க பங்கை வரையறுத்து, விற்பனையைத் தானே மேற்கொண்டது. 1936இல் பத்து நிறுவனங்கள் ஒன்றிணைந்து ஏ.சி.சி. உருவாயிற்று. 1934இல் எழுந்த மதுக்கரை ஆலை இவ்விணைப்பில் அடங்கிற்று. ஆகவே, கோவை மண்ணிற் பிறந்த சிமெண்டின் விலை கோவையில் இடப்படவில்லை; பம்பாயில் இடப்பட்டது. பின்னர் டால்மியா குழுவினர் புகுந்தபோது போட்டி மீண்டது. சில ஆண்டுகளில் அவரும் கூட்டு விற்பனைக்கு உடன்பட்டனர்.

இரண்டாம் உலகப் போரின்போது விலையிடும் உரிமை அரசின்பாற் சென்றது. 1956இல் அரசு வணிகக் கழகம் சிமெண்டு வழங்கலை ஏற்று, நாடெங்கும் ஒரே விலை என்னும் முறையைக் கொணர்ந்தது. மதுக்கரை ஆலையின் வாயிலில் நிற்பவர்க்கும், ஆலையே இல்லாத தொலைவூரில் நிற்பவர்க்கும் விலை ஒன்றே என்றாயிற்று. இதன்கண் ஒரு நீதி உண்டு, தொலைவிலுள்ளோர் தண்டிக்கப்படவில்லை. இதன்கண் ஒரு குறையும் உண்டு. அரசு இட்ட விலைக்கும் சந்தை தாங்கும் விலைக்கும் இடையே அகன்ற வெளியில் கள்ளச்சந்தை புகுந்தது. உரிமச் சீட்டுப் பெற்றுச் சிமெண்டு வாங்கிய காலத்தை முதியோர் பலர் இன்றும் நினைவுகூர்வர். 1982இல் கட்டுப்பாடு ஒரு பகுதி நீங்கிற்று. 1989இல் முழுதும் நீங்கிற்று. கட்டுப்பாடு நீங்கியபின் ஆக்குவோர் மறைவாகக் கூடி விலையிடுகின்றனர் என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. 2012இல் இந்தியப் போட்டி ஆணையம் சிமெண்டு நிறுவனங்கள் பலவற்றிற்குப் பெருந்தண்டம் விதித்தது. அவ்வழக்கு மேல்முறையீடுகளுக்குச் சென்றது. தனியாட்சி, கூட்டாட்சி, அரசாட்சி, மீண்டும் சந்தை என விலையிடும் உரிமை கைமாறிய வரலாற்றை ஒரு பொருளிலேயே காண இயலுமாயின், அது சிமெண்டே ஆகும்.

கோவைப் பட்டறைகளின் விலை

மதுக்கரையினின்று கோவைக்கு வருவோம். பைக்காரா நீர்மின்சாரம் 1930களின் தொடக்கத்தில் கோவைப் பகுதிக்கு வந்தது. நூற்பாலைகளும் கிணற்றுப் பாசனமும் மிக்க அப்பகுதியில், பொறிகளைப் பழுதுபார்த்த பட்டறைகளே பொறிகளை ஆக்கும் பட்டறைகளாயின. 1937இல் பீளமேட்டில் து. பாலசுந்தரம் நாயுடுவும் கோ. து. நாயுடுவும் உள்நாட்டு மின்மோட்டாரை ஆக்கினர். இந்நிகழ்ச்சியைத் தொழில் வரலாறாக மட்டும் கொள்ளாது, விலை வரலாறாகவும் கொள்ளுதல் வேண்டும். அயல்நாட்டு மோட்டாரின் விலையை அயல்நாட்டார் இட்டனர். இங்குள்ளவர் அதனை ஏற்பதன்றி வேறு வழியில்லை. உள்ளூரில் மோட்டார் ஆனவுடன், விலையிடும் உரிமையின் ஒரு பகுதி கோவைக்குப் பெயர்ந்தது.

கோ. து. நாயுடு இதனை நன்கு உணர்ந்தவர். 1941இல் ஐந்து வால்வுள்ள வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்கு ஆக்கித் தரத் தம்மால் இயலும் என்று அவர் அறிவித்தார். 1952இல் இருவர் செல்லத்தக்க சிற்றுந்து ஒன்றை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார். அரசின் உரிமம் கிடைக்காமையால் அதன் ஆக்கம் நின்றது. இவ்விரு செய்திகளிலும் பொருளைவிட விலையே முன்னிற்றல் நோக்கத்தக்கது. வழக்கமாக ஆக்குவோர் செலவைக் கூட்டிப் பின்னர் விலையைக் கூறுவர். நாயுடுவோ எளியோர் தாங்கத்தக்க விலையை முதலிற் கூறி, அதற்கேற்ப ஆக்க முற்பட்டார். ஆயினும், விலையைக் கூறும் திறம் வேறு. அவ்விலைக்கு விற்கும் உரிமை வேறு. உரிமம் மறுக்கப்பட்டபோது, 2,000 ரூபாய் என்னும் விலை ஏட்டளவில் நின்றது.

இனி, கொங்கு நாட்டிற்கே உரிய இல்லப் பொருளாகிய கிரைண்டரைக் காண்போம். தமிழர் அடுக்களையில் அம்மியும் ஆட்டுக்கல்லும் உரலும் கல்தச்சர் கைவண்ணம். கல் தேய்ந்தபோது கொத்துவார் தெருவில் வருவர். விலையும் கூலியும் வாசலில் நின்று பேசித் தீர்க்கப்பட்டன. இப்பேச்சுவிலையே பண்டைய 'பகர்தல்' என்பதன் எச்சமாகும். 1955இல் கோவையைச் சேர்ந்த ப. சபாபதி என்பார் மின்மோட்டாரால் இயங்கும் கிரைண்டரை ஆக்கினார் என்று தொழில் வரலாறு கூறும். முதலில் உணவு விடுதிகளிற் பயன்பட்ட பொறி, பின்னர்ச் சிறுத்து வீட்டுப் பொருளாயிற்று. சாய்த்து மாவெடுக்கும் வகையும், மேசைமேல் வைக்கும் வகையும் அடுத்தடுத்துத் தோன்றின.

இப்பொறியின் ஆக்கமுறை அதன் விலையைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது. கல் ஊத்துக்குளிப் பகுதியினின்று வரும். கல்லைக் கடைந்து உருட்டுபவர் ஒருவர். துருவுறா எஃகில் தொட்டி செய்பவர் மற்றொருவர். மோட்டார் சுற்றுபவர் பிறிதொருவர். சட்டம் வார்ப்பவர், வண்ணம் பூசுபவர் வேறு சிலர். பெயர்ப்பலகை பொருத்தி விற்பவர், இவ்வுறுப்புகளை ஒன்றுகூட்டுபவரே. ஆகவே கிரைண்டரின் விலை ஒரு தொழிற்சாலையின் கணக்கன்று. பல பட்டறைகளின் கூலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தொகை. எவரும் தனித்து விலையை உயர்த்த இயலாது. அடுத்த தெருவில் அதனைக் குறைத்துச் செய்பவர் உளர். எவரும் தனித்து விலையைக் குறைக்கவும் இயலாது. அவர்தம் செலவிற் பெரும்பகுதி பிறர் பட்டறையில் உள்ளது.

கோவைப் பொருள்களின் மலிவிற்குக் குறைந்த கூலியே காரணம் என்பார் உளர். கூலியின் பங்கை யாம் மறுக்கவில்லை. ஆயின், அஃது ஒன்றே காரணமாயின், கூலி இதனினும் குறைந்த பிற ஊர்களில் கிரைண்டர்த் தொழில் ஏன் இவ்வாறு செறிந்து வளரவில்லை என்னும் வினாவிற்கு விடையில்லை. உறுப்புதோறும் தனிப்பட்டறையும், பட்டறைதோறும் போட்டியும், விலையைப் பூட்டி வைக்கத்தக்க பெருநிறுவனம் இன்மையுமே மலிவின் அடிப்படை என்று கருதுகின்றோம். 2005–06ஆம் ஆண்டில் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடு பெற்றது. ஒருவர் பெயரால் அமையும் காப்புரிமை போலன்றி, இது ஓர் ஊரின் பெயரால் அமைந்த உரிமை. பெயரைக் காக்க இது பயன்படும். விலையைக் காக்க இதனாற் கூடவில்லை.

விற்பனையாளர் இட்ட விலை வேறொரு வரலாறு உடையது. பொதிந்து விற்கும் பொருள்களின்மேல் விலை பொறித்தல் வேண்டும் என்னும் விதி 1977இல் வந்தது. எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்சச் சில்லறை விலையைப் பொறித்தல் 1990 முதல் கட்டாயமாயிற்று. வாங்குவோர் ஏமாறாதிருத்தற்கு எழுந்த நல்விதி இது. ஆயின், நடைமுறையில் நிகழ்ந்தது வேறு. மேல்வரம்பாகக் கருதப்பட்ட விலை, பேரம் தொடங்கும் இடமாயிற்று. பொறித்த விலை உயர, கடைக்காரர் தரும் கழிவும் உயர்ந்தது. ஆடித் தள்ளுபடியிலும், தீபாவளி விற்பனையிலும், சீர்வரிசைக்குப் பொருள் எடுக்கும் திருமணக் காலத்திலும், பொறித்த விலைக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள வேறுபாடே வாங்குவோரின் மகிழ்ச்சியாயிற்று. பகர்ந்த விலை பொறித்த விலையாக மாறியும், பகர்தல் ஒழியவில்லை. பொறித்த விலையின் கீழ் அது மறைந்து நின்றது.

அரசு இட்ட விலை

துப்பாக்கியின் வரலாற்றில் அரசே தொடக்கமும் முடிவுமாக நிற்கின்றது. 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம், உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தலைத் தடுத்தது. 1959ஆம் ஆண்டுச் சட்டமும் உரிம முறையைத் தொடர்ந்தது. வாங்குவோர் தொகையை அரசே வரையறுத்தமையால், கடையில் விற்கும் துப்பாக்கியின் விலையும் இயல்பான சந்தை விலையாக அமையவில்லை. 1956ஆம் ஆண்டுத் தொழிற்கொள்கை படைக்கல ஆக்கத்தை அரசிற்கே ஒதுக்கிற்று. 1966இல் திருச்சிராப்பள்ளியில் தோன்றிய படைக்கல ஆலை ரைபிள் முதலிய சிறு படைக்கலங்களை ஆக்கிற்று. அவ்வாலைகள் படைத்துறைக்கு ஊதியமும் இழப்பும் இன்றி, கணக்கிட்ட செலவிற்கு ஏற்ப வழங்குவிலை இட்டன. ஆக்குபவரும் அரசு, வாங்குபவரும் அரசு. ஈண்டு விலை என்பது ஒரு கையினின்று மறுகைக்கு மாற்றும் கணக்குக் குறியே. 2021 அக்டோபர் முதல் நாள் படைக்கல ஆலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. அதன்பின் அவையும் ஒப்பந்தம் பெற்று விலை கூறும் நிலைக்கு வந்தன. இருநூறு ஆண்டுகளுக்கு முன் விட்னி எழுப்பிய நிலைச்செலவு வினா, அவற்றின் கணக்கேட்டிலும் புகுந்தது எனலாம்.

கிரைண்டரின் வரலாற்றில் அரசு பிற்காலத்தே புகுந்தது. புகுந்தபோது இரு வடிவிற் புகுந்தது. ஒன்று வாங்குவோராக, மற்றொன்று வரி விதிப்போராக.

2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய திட்டத்தின்படி, தமிழக அரசு குடும்பங்களுக்கு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை விலையின்றி வழங்கிற்று. ஏறத்தாழ 1.8 கோடிக் குடும்பங்கள் இதன் இலக்கு. மாவாட்டுதலில் உழன்ற எண்ணிறந்த மகளிரின் தோள்வலியை அது நீக்கிற்று என்பதில் ஐயமில்லை. விலை வரலாற்றில் அதன் விளைவு யாது? அதுவரை பல இலட்சம் குடும்பங்கள் பல்லாயிரம் கடைகளில் தனித்தனியே வாங்கிய பொருளை, அரசு ஒருவராக நின்று ஒப்பந்தப் புள்ளி வழியாக வாங்கிற்று. பெருந்தொகையில் வழங்க வல்லவர்க்கே அவ்வாயில் திறந்தது. நான்கு பேர் பணிபுரியும் பட்டறை அதற்கு உரியதன்று. அங்ஙனம் வழங்கப்பெற்ற வீட்டில் அடுத்த சில ஆண்டுகளுக்குப் புதுப்பொறி வாங்கும் தேவையும் இல்லை. விலையின்றி வந்த பொருள், விலைக்கு விற்கும் பொருளின் சந்தையைச் சுருக்கியது. கவச ஊர்தியைப் போலவே கிரைண்டருக்கும் அரசே பெருவாங்குநராகிய காலம் அது.

வரியின் வரலாறு இதனினும் நுட்பமானது. 2017க்கு முன், ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு உட்பட்ட சிறுதொழிலார் நடுவண் ஆயத்தீர்வையினின்று விலக்குப் பெற்றிருந்தனர். 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது, கிரைண்டர் ஏனைய மின்சார இல்லப் பொருள்களோடு 28 விழுக்காட்டிற் சேர்க்கப்பட்டது. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். ஆக்குவோர் கேட்கும் விலை 5,000 ரூபாய் எனக் கொள்வோமாயின், 28 விழுக்காட்டில் வாங்குவோர் கொடுப்பது 6,400. 12 விழுக்காட்டில் 5,600. 5 விழுக்காட்டில் 5,250. நவம்பரில் 12 ஆகக் குறைந்த வரி, 2019 செப்டம்பர் 20ஆம் நாள் கோவாவிற் கூடிய மன்றத்தின் பரிந்துரையால் 5 ஆயிற்று. அதே கூட்டத்தில் பொறியியற் பட்டறைகளின் கூலிவேலைக்கான வரி 18இனின்று 12 ஆகக் குறைக்கப் பரிந்துரைக்கப்பட்டது. ஈராண்டு சில திங்களில் ஒரே பொறிக்கு 1,150 ரூபாய் வேறுபாடு. கல்லும் மாறவில்லை; மோட்டாரும் மாறவில்லை; செய்பவர் திறமும் மாறவில்லை.

வரி குறைந்தமை ஆக்குவோர்க்கு முழு விடுதலை தந்ததா எனின், இல்லை. 2022 வரை எஃகிற்கும் மோட்டாருக்கும் 18 விழுக்காடு கொடுத்து வாங்கி, முடிந்த பொறிக்கு 5 விழுக்காடு பெற்று விற்றபோது, மிகுதியாகச் செலுத்திய வரியை அரசிடமிருந்து திரும்பப் பெறுதல் வேண்டியிருந்தது. அது கைக்கு வரும்வரை முதல் முடங்கிற்று. பெருநிறுவனம் அதனைத் தாங்கிற்று, பட்டறை தாங்கவில்லை. வாங்குவோர் கண்ட விலையில் இவ்விடர் எங்கும் பொறிக்கப்படவில்லை.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பின்வருவன பெறப்படும்.

ஒன்று: பண்டைத் தமிழகத்தில் விலை பகரப்பட்டது, விற்போரும் வாங்குவோரும் நேர்நின்றமையால் நடுவுநிலை என்பது அவ்வாணிகத்தின் அறமாயிற்று.

இரண்டு: இயந்திரக் காலத்தில் ஆக்குவோர் காப்புரிமையாலும், கூட்டாலும், கடைக்காரர்மேல் இட்ட கட்டுப்பாட்டாலும் விலையிடும் உரிமையைத் தம்பாற் கொண்டனர். தையற்பொறியும் மதுக்கரைச் சிமெண்டும் இதற்குச் சான்று.

மூன்று: துப்பாக்கியின் விலையை அரசு தொடக்கம் முதலே இட்டது, கிரைண்டரின் விலையை அது பின்னர் ஒப்பந்தத்தாலும் வரியாலும் ஆளத் தொடங்கிற்று.

நான்கு: கோவையின் கிரைண்டர்ப் பட்டறையாளர், தம் கையால் ஆக்கிய பொருளின் விலையைத் தாமே இடும் உரிமையை முழுமையாக என்றும் பெற்றாரல்லர். மலிவு அவர்தம் புகழாயிற்று. அம்மலிவின் சுமையும் அவர் தோளிலேயே தங்கிற்று.

தொழில் வரலாறு எழுதுவோர் கண்டுபிடித்தவர் பெயரையும் ஆண்டையும் குறித்தலோடு அமைகின்றனர். பழைய விலைப்பட்டியல்கள், பட்டறைக் கணக்கேடுகள், கடைச் சீட்டுகள், தவணைப் புத்தகங்கள் ஆகியவற்றைத் தொகுப்பார் அரியர். ஓலையைத் தேடித் தொகுத்த தமிழாராய்ச்சி, இக்கணக்கேடுகளையும் தேடுதல் வேண்டும். மரபுடைய பட்டறைகள் பல மூடப்படும்போது அவற்றின் ஏடுகளும் பழந்தாளாக எடைக்குப் போகின்றன. கொங்கு நாட்டார் தம் பொருளுக்குத் தாமே விலை பகர முயன்ற வரலாறு அவ்வேடுகளில் உள்ளது. கல்வெட்டில் நெல்லுக்கும் நெய்க்கும் குறித்த அளவைகளை ஆராயும் நாம், நேற்றைய பட்டறை ஏட்டையும் ஆவணமாகக் கருதுதல் முறையாகும். பட்டமேற்படிப்பு மாணவர் ஓரிருவரேனும் பீளமேட்டிலும் கணபதியிலும் உள்ள பட்டறைகளின் வாயிலிற் சென்று அதனைக் கேட்டுப் பெறுவாராயின், இக்கட்டுரையின் பயன் நிறைவேறியதாகக் கொள்வோம்.